எக்கோ எழுதுவது எளிது, நாபைத் திருகும் வரை

ஒலி எஃபெக்ட்டுகளுக்கு நிரல் எழுதத் தொடங்கினால், எக்கோவை முதல் நாளே ஒலிக்க வைத்துவிடலாம். ஒலியின் அளவை ஒரு கணத்தில் குறிக்கும் எண்தான் சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள் என்றால் 300 மில்லிசெகண்ட் தாமதத்துக்கு 14,400 இடம் உள்ள பஃபர் போதும்; கடைசி இடம் வந்ததும் மீண்டும் முதலிலிருந்து எழுதும் நினைவிடம் அது. புதிய சாம்பிளை எழுதப்போகும் இடத்தில் இருப்பதுதான் 300 மில்லிசெகண்டுக்கு முந்தைய ஒலி. அதைப் படித்துவிட்டு அப்புறம்தான் புதியதை எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், இப்போது எழுதியதையே திரும்பப் படிப்பீர்கள், தாமதமே இருக்காது.

சரி, எக்கோ வந்துவிட்டது. பஃபரைப் பெரிதாக்கி, தாமதத்துக்கு ஒரு நாப் (திருகு குமிழ்) வைத்து, 300-இலிருந்து 350-க்குத் திருகிப் பாருங்கள். 'டப்' என்று ஒரு சத்தம். படிக்கும் இடம் ஒரே தாவாக 2,400 சாம்பிள் தள்ளிப் போனதால் அலை அங்கே முறிந்துவிட்டது. தாமதத்தை மெல்ல நகர்த்த வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும்: ஒவ்வொரு சாம்பிளுக்கும், மீதமுள்ள தூரத்தில் 0.001 பங்கு. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 2,400-இல் 0.001 பங்கு 2.4. காலம் ஒரு சாம்பிள் நகர்வதற்குள் தாமதம் 2.4 சாம்பிள் வளர்ந்தால், படிக்கும் இடம் பின்னோக்கி ஓடும். ஒலி சிறிது நேரம் தலைகீழாகக் கேட்கும். 0.0001 வைத்தால் அது நடக்காது, சுருதி மட்டும் இறங்கி ஏறும். பழைய டேப் எக்கோவில் அதுவே அழகு. அது வேண்டாம் என்றால் பழைய தாமதம், புதிய தாமதம் என இரண்டு இடங்களில் படித்து, பழையதன் ஒலியைக் குறைத்துப் புதியதை ஏற்றுங்கள். தாமதத்தை மெல்ல நகர்த்தும்போது படிக்கும் இடம் 13,207.4 என்று பின்னத்தில் நிற்கும். பின்னத்தை வெட்டி எறிந்தால் கரகரப்பு கேட்கும். பக்கத்து இரண்டு சாம்பிள்களை 0.6, 0.4 என்று கலந்துகொள்ளுங்கள்.

ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷனில் வருவது வேறு வகைச் சிக்கல். 10,000 ஹெர்ட்ஸ் சைன் அலையை 'டான்எச்' (tanh, அலையின் உச்சிகளை மழுக்கும்) சூத்திரத்தில் போடுங்கள். அது 30,000, 50,000 என்று ஒற்றைப்படை மடங்குகளை உண்டாக்கும். 48,000 சாம்பிளில் 24,000-க்கு மேல் எதற்கும் இடமில்லை. அதனால் 30,000 மடங்கி 18,000 ஆகவும், 50,000 மடங்கி 2,000 ஆகவும் இறங்கும். யாரும் வாசிக்காத அந்த 2,000 ஹெர்ட்ஸ், காதுக்கு நன்றாகவே கேட்கும் இடத்தில் வந்து உட்காரும். அதன் பிறகு ஃபில்டர் போட்டுப் பயனில்லை, அது பாட்டோடு கலந்துவிட்டது. முதலில் சாம்பிள் வேகத்தை நான்கு அல்லது எட்டு மடங்காக்கி, அங்கே டிஸ்டார்ஷனைச் செய்து, மேலே உள்ளதை வடிகட்டிவிட்டு இறங்குங்கள். ப்ராசசருக்கு வேலை கூடும்தான், ஆனால் சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

எனக்கு அதிக நாள் பிடித்தது கணினியில் எழுதிய ஒரு ரிவெர்பில் (அறையின் எதிரொலிப்பைப் போலச் செய்யும் எஃபெக்ட்). வாசிக்கும்போது ஒழுங்காக ஓடும். பாட்டை நிறுத்தி அரை நிமிடம் ஆனதும் சிபியு மீட்டர் ஏறும். நிசப்தத்தில் என்ன வேலை என்று குழம்பிப்போனேன். ஃபீட்பேக், அதாவது வெளிவரும் ஒலியில் மீண்டும் உள்ளே அனுப்பும் பங்கு, 0.5 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி பாதியாகும், ஆனால் எளிதில் பூஜ்யமாகாது. 300 மில்லிசெகண்ட் சுற்றில் 126 முறை பாதியானால், அதாவது சுமார் 38 நொடியில், 32 பிட் தசம எண்ணின் இயல்பான எல்லையைத் தாண்டிவிடும். அதற்கும் சிறிய எண்களைப் பல ப்ராசசர்கள் மிக மெதுவாகவே கணக்கிடும். அவற்றைப் பூஜ்யமாகவே கொள்ளும்படி ப்ராசசரில் ஓர் அமைப்பு உண்டு. அதை ஆடியோ திரெட்டிலேயே (நிரலில் ஒலியைக் கணக்கிடும் தனி ஓட்டத்திலேயே) போட வேண்டும்.

அந்தத் திரெட்டுக்கு ஒலி சிறு சிறு பிளாக்குகளாக வரும், அடுத்தது வருவதற்குள் ஒன்றை முடிக்க வேண்டும். 64 சாம்பிள் பிளாக் என்றால் கையில் இருப்பது 1.33 மில்லிசெகண்ட். அதற்குள் நினைவகம் கேட்பது, ஃபைல் திறப்பது, லாக்குக்கு (வேறொரு திரெட் பிடித்திருக்கும் பூட்டுக்கு) காத்திருப்பது எதுவும் கூடாது. சோதிக்கப் போட்ட பிரிண்ட் வரியும் இதில் அடக்கம், அதை எடுக்கத்தான் மறந்துபோகும்.

கணினியில் அல்லாமல் கார்ட்டெக்ஸ் எம்4 போன்ற சிறு சிப்பில் எழுதுபவர்கள் 0.5 என்ற எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சி மொழியில் அது இல்லாவிட்டால் கணக்கு இரட்டைத் துல்லியத்துக்குப் போய்விடும். அந்த சிப்பின் வன்பொருளுக்கு ஒற்றைத் துல்லியம்தான் தெரியும். மிச்சத்தை மென்பொருள் செய்ய வேண்டியிருப்பதால் அந்த ஒரு வரி பல மடங்கு மெதுவாகும்.