கேமராவை வெளிநாட்டுக்கு அனுப்பியதில் நான் திருத்திக்கொண்டவை

கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நான் முதலில் தேர்ந்தெடுத்த கூரியர் நிறுவனத்தின் வழியே சென்ற லென்ஸ், கேமராவில் பொருத்தும் வளையமான மவுன்ட் வளைந்த நிலையில் போய்ச் சேர்ந்தது. சுங்கப் படிவத்தில் எழுதிய மதிப்பு சுங்கத்துக்கு மட்டுமே உரியது, இழப்பீட்டுக்கு அல்ல என்பதை அப்போதுதான் அறிந்தேன். நிறுவனத்திடம் தனியாக மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாவிட்டால், பன்னாட்டு விமானச் சரக்குக்கான பொறுப்பு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி எடைக்கணக்கில், இப்போது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல லென்ஸின் விலைக்கு அது எவ்விதத்திலும் ஈடாகாது.

அடுத்த முறை கேமராவையும் இரண்டு லென்ஸ்களையும் அனுப்ப வேண்டியிருந்தபோது, கட்டணத்தைக் கடைசியாகவே பார்த்தேன். பயன்படுத்திய கருவிக்கும் முழு மதிப்புக் காப்பீடு உண்டா, உடைசல் அதில் அடங்குமா, லித்தியம் பேட்டரியை ஏற்பார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தந்த நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தேன். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருப்பதால், உதிரி பேட்டரிகளை அனுப்பவில்லை.

இரட்டைப் பெட்டியில் அடைத்ததால் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் கன அளவு எடை கூடி, கட்டணமும் உயர்ந்தது. ஆனால் அந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து. வரிசை எண்களையும் அடைத்த விதத்தையும் படமெடுத்து வைத்த பின்பே பெட்டியை ஒப்படைத்தேன். மூன்று கருவிகளும் பழுதின்றிச் சேர்ந்தன.