வீட்டில் இருக்கும் ஃபெரட்டுடன் இன்னொன்றைச் சேர்ப்பது எப்படி

பார்வைக்குக் கீரி மாதிரி இருந்தாலும் செல்லப்பிராணியாக வளர்க்கும் ஃபெரட் என்ற சிறு விலங்குக்கு உறவு நீர்நாய்தான். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். துணை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்கும், விழித்ததும் உருண்டு புரண்டு சண்டை போடும். ஒற்றையாக வளர்ப்பவர்கள் தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் கூண்டைத் திறந்துவிட்டு அதோடு விளையாட வேண்டும். அதற்கு நேரமில்லாத வீட்டில் இரண்டாக வளர்ப்பதே நல்லது. ஆனால் வாங்கி வந்த அன்றே புதியதைப் பழையதன் கூண்டுக்குள் விட்டால் ரத்தம் வராமல் முடிவது அரிது.

முதல் இரண்டு வாரம் புதியதைத் தனி அறையில் வையுங்கள். தட்டு, தண்ணீர்ப் புட்டி, மலத்தட்டு எல்லாம் தனித்தனி. ஒன்றைத் தொட்டபின் கை கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். பச்சை நிறத்தில் சளி கலந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு கொரோனா வைரஸ் ஃபெரட்டுகளுக்கு உண்டு. குட்டி எந்த அறிகுறியும் காட்டாமல் அதைக் கொண்டுவரும், படுத்துவிடுவது வீட்டில் இருக்கும் வயதானது. இந்த இடைவெளியில் மருத்துவரிடம் காட்டிக் காதுப்பூச்சி, தெள்ளுப்பூச்சி பார்த்துவிடலாம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரட்டைத் தாக்கினால் பிழைப்பதில்லை என்றே சொல்லலாம். அதனால் தடுப்பூசி இரண்டுக்கும் போட்டிருக்க வேண்டும்.

கருத்தடை செய்யாத இரண்டு ஆண்களை வசந்தகாலத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கருத்தடை செய்யாத பெண்ணின் நிலை இன்னும் மோசம். இணை சேராவிட்டால் அதன் இனப்பெருக்கப் பருவம் தானாக அடங்காது. வாரக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறியபடியே இருந்து, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும். இந்தப் பருவத்தை அடக்க, தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழிந்து இரண்டும் நலமாக இருந்தால், படுக்கைத் துணிகளைத் துவைக்காமல், ஒன்றினுடையதை மற்றதற்கு என்று தினமும் மாற்றிப் போடுங்கள். ஃபெரட் ஆளை அறிவது கண்ணால் அல்ல, மூக்கால். மூன்று நான்கு நாளில், மற்றதன் வாசனையுள்ள துணியில் சாதாரணமாகப் படுக்கத் தொடங்கும்.

முதல் சந்திப்பு, பழையது தனதென்று நினைக்காத இடத்தில் நடக்க வேண்டும். குளியலறைத் தரை போதும். ஒரே ஷாம்பூவில் இரண்டையும் குளிப்பாட்டி விடுவது உதவும். இதை ஒருமுறையோடு நிறுத்திவிடுங்கள், அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு எண்ணெய் கூடுதலாகச் சுரந்து நாற்றம்தான் அதிகமாகும். இரண்டின் பிடரியிலும் சால்மன் மீன் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால் கடிக்க வந்தது நக்கத் தொடங்கும். 15 நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்துங்கள்.

பார்ப்பவரைப் பயமுறுத்துவதில் பாதி வெறும் விளையாட்டுதான். கழுத்தைக் கவ்வித் தரதரவென இழுப்பது, முதுகை வளைத்துப் பக்கவாட்டில் குதிப்பது, ‘டுக் டுக்’ என்று குரல் கொடுப்பது, வால்முடி சிலிர்ப்பது எதற்கும் குறுக்கே போகாதீர்கள். கீழே கிடப்பது இடைவிடாமல் கத்தினாலோ, பயத்தில் மலஜலம் கழித்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ அன்றைய சந்திப்பு முடிந்தது. கடிப்பதைப் பிடுங்கி இழுத்தால் தோல் கிழியும். அதன் பிடரித்தோலைக் கொத்தாகப் பிடித்து, உடம்பையும் தாங்கித் தூக்குங்கள். பெரும்பாலும் உடல் தளர்ந்து கொட்டாவி விடும், வாயும் திறந்துவிடும். 12 வாரத்துக்குள்ளான குட்டியை, ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ ஆணோடு விட வேண்டாம். விளையாட்டுக் கடியே அதற்கு ஆபத்து.

வெளியே இரண்டும் ஒன்றாகத் தூங்கிய பிறகே ஒரே கூண்டு. அதற்கு முன் கூண்டை முழுக்கக் கழுவி, தொட்டில்களின் இடத்தை மாற்றி, புதுத் துணி போடுங்கள். உணவுத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும் உடம்பு இது. ஒன்று தட்டை மறித்து உட்கார்ந்தால் மற்றது பட்டினியில் தளர்ந்துபோகும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் இளைத்தால், யார் கண்ணிலும் படாமல் விரட்டல் நடக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

சில ஜோடிகள் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். பல ஆண்டு தனியாகவே வாழ்ந்த கிழம் ஒத்துக்கொள்ளாமலே போகலாம், அதை வற்புறுத்துவதில் பயனில்லை. அப்போது இரண்டு கூண்டு, முறைவைத்து வெளியே விடுதல். கூண்டுகளை ஒட்டி வைக்காமல் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள், கம்பி வழியே கால்விரலைக் கடித்துவிடும்.