ஆய்வகத்தின் நோக்கத்தையும் நெறிகளையும் எழுதுவது எப்படி?

"மனிதகுல நலனுக்காக உயர்தர ஆராய்ச்சி" என்று எழுதினால் எந்த மருத்துவ ஆய்வகத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் உதவாது. நோக்க வாசகத்தில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: உங்கள் கேள்வி என்ன, எதை வைத்து ஆராய்கிறீர்கள், எதில் கைவைக்க மாட்டீர்கள். வாய்ப்புற்றுநோய் ஆய்வகம் ஒன்றுக்கு இப்படி எழுதலாம்: "கீமோவில் சுருங்கிய கட்டி ஏன் மறுபடி வளர்கிறது என்பதை, நோயாளிகள் ஒப்புதலோடு தந்த திசுவிலும் அதிலிருந்து வளர்த்த செல்களிலும் ஆராய்கிறோம். புது மருந்து உருவாக்குவது எங்கள் வேலை அல்ல." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புது மாணவர் ஒரு யோசனையோடு வரும்போது ஏற்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுவது அதுதான்.

நெறிகளை ஆய்வகத் தலைவர் தனியாக உட்கார்ந்து எழுதக்கூடாது. டெக்னீஷியன், விலங்குக்கூடப் பணியாளர் உட்பட எல்லோரிடமும் பெயர் போடாத சீட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: கடந்த ஓராண்டில் வேலை வீணானது எதனால்? எதைப் பற்றிப் பேசத் தயங்குகிறீர்கள்? வரும் பதில்களில் நாலைந்து விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். அவைதான் உங்கள் நெறிகள். பத்துக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொரு நெறிக்கும் கீழே என்ன செய்ய வேண்டும், யார், எப்போது என்று எழுதுங்கள். "நம்பகத்தன்மை" என்ற ஒற்றைச் சொல்லால் ஒன்றும் நடக்காது. செல் வளர்ப்பையே எடுத்துக்கொள்வோம். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்த பிளாஸ்க்கில் மீடியம் (செல்கள் வளரும் திரவம்) கலங்காது. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அதற்குச் செல் சுவர் இல்லாததால் பென்சிலின் வேலை செய்யாது, 0.2 மைக்ரான் ஃபில்டரையும் தாண்டிவிடும். செல்களின் நடத்தை மட்டும் மாறும், அதை மருந்தின் விளைவு என்று நம்பிவிடுவோம். ஆகவே இப்படி எழுதுங்கள்: வெளியிலிருந்து வரும் செல்கள் தனி இன்குபேட்டரில் இருக்கும், மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையில் தேறிய பிறகே பொது இன்குபேட்டருக்கு வரும், பிறகு மாதம் ஒரு முறை சோதனை, பொறுப்பாளர் பெயருடன். உறைய வைக்கும் முன் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்து, செல் எதுவென்று உறுதி செய்யுங்கள். லேபிளில் பெயர் ஒன்று, உள்ளே ஹீலா (மற்ற வளர்ப்புகளில் எளிதில் கலந்துவிடும் ஒரு புற்றுநோய்ச் செல் வகை) என்ற கதை இந்தத் துறையில் பழையது.

படங்களும் அப்படித்தான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு 20,621 கட்டுரைகளை அலசியதில், 3.8 சதவீதத்தில், ஒரே படத்தை முறையின்றி மறுபடி பயன்படுத்தியது போன்ற கோளாறுள்ள படங்கள் இருந்தன. அவற்றில் பாதியாவது வேண்டுமென்றே செய்ததுபோல் தெரிந்தன. வெட்டாத மூலப்படம் எடுத்த அன்றே பொது சர்வருக்குப் போக வேண்டும்; கட்டுரை அனுப்பும் முன், அந்தப் படத்தை உருவாக்காத ஒருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

அதிகச் சண்டை வருவது கட்டுரையை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலில். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் அடங்காது. அதை எழுத்தில் வைத்தால்தான் மாணவரால் மறுக்க முடியும். ஆய்வு தொடங்கும்போதே உத்தேசப் பெயர் வரிசையைப் பதிவு செய்து, யாருடைய வேலை மாறினாலும் மறுபடி பேசுங்கள்.

நோயாளியின் திசு உள்ள குழாயில் பெயர் இருக்கக்கூடாது, குறியீடு மட்டும். குறியீட்டுப் பதிவேடு வேறு அறையில், பூட்டிய அலமாரியில். ஒப்புதலை அவர் திரும்பப் பெற்றால் மைனஸ் 80 டிகிரி ஃபிரீசரிலிருந்து அந்தக் குழாயை எடுப்பது யார், எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுதிவிடுங்கள். பலர் மறக்கும் வரி இது.

தவறைச் சொல்பவரைத் திட்டக்கூடாது என்பதும் நெறிதான். ஆனால் தலைவர் முதல் முறை கத்திவிட்டால் அந்த வரி செத்துவிடும். பிறகு இரவெல்லாம் திறந்து கிடந்த ஃபிரீசர் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வாராந்திரக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்தைத் தோற்ற சோதனைகளுக்கு ஒதுக்கி, தலைவரே தொடங்கட்டும்.

எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். எல்லோரும் ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்காத ஆய்வகமானால் தமிழிலும் ஒரு பிரதி வேண்டும். பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து வாசித்து, யாரும் கடைப்பிடிக்காத வரியைத் திருத்துங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.