புத்தர் சிலையில் பச்சைப் பொடி: நான் செய்தது

மும்பை மாஹிமில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். மழைக்காலத்தில், நேபாளச் செம்புப் புத்தரின் பீடத்தில், தாமரை இதழ்களின் இடுக்கில், வெளிர்பச்சையாகப் பொடி பூத்திருந்தது. வழவழவென்று படிந்த பழைய களிம்பு என்றால் விட்டுவிடலாம். தொட்டால் உதிர்கிறது என்றால், காற்றிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அம்மா உடனே புளியைக் கரைக்கப் போனார். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு வேண்டாம் என்று தடுத்தேன். இந்தச் சிலைகளில் பலவற்றின் முகத்தில் இருப்பது பொன்தூளைப் பசையில் குழைத்துப் பூசிய பூச்சு. ஈரத்துணி பட்டாலே போய்விடும்.

பல்குத்தும் குச்சியால் பொடியைச் சுரண்டினேன். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுத்தேன். முழுச் சிலையையும் முக்கவில்லை. சிலைக்குள் மந்திரச் சுருள்களை வைத்து, இரட்டை வஜ்ரம் (குறுக்காக வைத்த இரண்டு வஜ்ராயுதங்கள்) பொறித்த தகட்டால் அடியை மூடுவது வழக்கம், தண்ணீர் இறங்கினால் அவ்வளவுதான். தகட்டைத் திறக்கவும் கூடாது.

வலக்கை விரல்கள் பீடத்தைத் தொடுவது பூமிஸ்பரிச முத்திரை. ஞானம் பெற்றதற்குப் பூமியைச் சாட்சிக்கு அழைக்கிறார். அந்த இடுக்கில்தான் தூசும் ஈரமும் சேரும். அங்கே மெல்லிய பிரஷ்.

அப்புறம் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் நன்றாக உலர்த்தி, பீடத்துக்கு மட்டும், உலோகத்தில் ஈரம் படாமல் காக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு தடவினேன். கண்ணாடி அலமாரிக்குள் இப்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கின்றன. குங்குமம், சந்தனம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. குங்குமம் நின்றுவிட்டது; சந்தனம் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.