மேலே சுருள், கீழே கம்பி: ஸ்ட்ரெய்ட்டனிங் முடிக்கு ஒரு வழி

பார்லரில் மருந்து போட்டு முடியை நேராக்கி ஆறு மாதம் ஆனதும், வேர்ப்பக்கம் சுருளாகவும் நுனிப்பக்கம் கம்பிபோல நேராகவும் நிற்கும் இந்தத் தொல்லை வரும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். புதிதாக வருவது பழைய சுருள்தானே! அதற்காக மறுபடி முழு முடிக்கும் மருந்து போடச் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே மருந்து பட்ட முடி உடையும். புது வளர்ச்சிக்கு மட்டும் போதும்.

சுருளும் நேரும் சேரும் இடம்தான் சட்டென்று அறுந்துபோகும். பல் அகன்ற சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்ச் சிக்கெடுங்கள். காரைக்குடியில் எங்கள் ஆச்சி செம்பருத்தி இலையை அரைத்துத் தருவார். அதை முடியில் தடவினால் அந்த வழவழப்பில் சீப்பு தடுக்காமல் இறங்கும். துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வளவில் (வீட்டு முற்றத்தில்) உட்கார்ந்து இலைத்துணுக்கு பொறுக்கியே பொழுது போய்விடும்.

அப்புறம், முடியை அலசி, அது முக்கால்வாசி காய்ந்ததும் தளர்வாக இரட்டைப் பின்னல் போட்டுத் தூங்குங்கள். காலையில் அவிழ்த்தால் மேலும் கீழும் ஒரே அலையாகத் தெரியும். விசேஷ வீட்டுக்குப் போக அது போதும். ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போடுவது மட்டும் வேண்டாம், ஆச்சியே சொன்னாலும் சரி.