பழைய ஏர் பிஸ்டலை வாங்கிச் சீர் செய்வது எப்படி: அல்சூர் வீட்டு மேஜையிலிருந்து

என் அலமாரியில் இப்போது நான்கு பழைய ஏர் பிஸ்டல்கள் இருக்கின்றன. கடைசியாக வந்தது டயானா என்ற ஜெர்மன் கம்பெனியின் பிஸ்டல். பாரலை, அதாவது குழலை, மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. ட்ரிகரை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், அழுந்திய காற்று குண்டை வெளியே தள்ளும். வாங்கும்போது பாதி கறுப்பு, பாதி துரு. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நிஜத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வாங்கவும் கூடாது, வீட்டில் பிரித்துப் பழுது பார்க்கவும் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி அந்த வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். அதனால்தான் என் சேகரிப்பு காற்றில் இயங்குவதோடு நிற்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத் துளைக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு, மேல் போகாமலும் 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இருந்தாலும் விற்பவரிடம் கையெழுத்துடன் ஒரு ரசீது வாங்கி, அடையாள அட்டை நகலையும் சேர்த்து வைத்துவிடுங்கள். யார் பேரம் பேசினாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

பார்த்து வாங்குவது

டயானாவை விற்றவர் பக்கத்துத் தெருப் பெரியவர். நான் கையில் எடுத்ததும் ட்ரிகரில் விரல் வைத்தேன். "தம்பி, சும்மா இழுக்காதீங்க. குண்டு இல்லாம அடிச்சா உள்ளே பிஸ்டன் போய் மோதும்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பொருளைப் பத்திரமாக வைத்திருந்தவர் என்று தெரிந்துவிட்டது. பாரலுக்குள் டார்ச் அடித்து, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளம் தெரிகிறதா, பாரல் மூடும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெளித்துருவுக்குப் பயப்பட வேண்டாம். சிதைந்த ஸ்க்ரூவுக்குப் பயப்படுங்கள். ஏற்கெனவே யாரோ அரைகுறையாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

புதிதாகத் தொடங்குபவர்கள் டயானா 6, 10 மாடல்களை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் இரட்டைப் பிஸ்டன் அமைப்பு அது. காற்று கசியாமல் தடுக்க அதிலுள்ள பழைய பிளாஸ்டிக் சீல்களும் பனீர்க் கட்டி போல உதிரும். தோல் வாஷர் உள்ள எளிய மாடல்தான் கை பழக நல்லது.

பிரிப்பது

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நுனி ஆப்பு போலச் சரிந்த சாதாரண டிரைவர் வேண்டாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விலை குறைந்த ஒரு செட் வாங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவின் பிளவுக்கும் ஏற்ப நுனியை அரத்தால் தட்டையாக ராவிக் கொள்ளுங்கள். முந்தின இரவே ஸ்க்ரூவில், இறுகியதைத் தளர்த்தும் டபிள்யூடி-40 எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். ஆனால் அது சிலிண்டருக்குள் போகவே கூடாது. காற்று அழுந்திச் சூடாகும்போது எண்ணெய் பற்றிக்கொண்டு படாரென்று வெடிக்கும், சீல் கருகும்.

ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். தச்சர்கள் பயன்படுத்தும் நீளக் க்ளாம்பில் பிஸ்டலைப் பிடித்து, மரக்கட்டை வைத்து அழுத்தியபடிதான் கடைசிப் பின்னை எடுக்க வேண்டும். அப்புறம் க்ளாம்பை மெல்லத் தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

துரு

எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் வேண்டாம். துருவோடு சேர்த்து எஃகின் மேலுள்ள நீலக் கறுப்புப் பூச்சையும் அமிலம் தின்றுவிடும். மிக மெல்லிய இழையுள்ள 0000 நம்பர் ஸ்டீல் வூலில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேயுங்கள். எழும்பி நிற்கும் துருவுக்கு நான் தாமரை போட்ட பழைய இருபது பைசாவைப் பயன்படுத்துகிறேன். எஃகைவிட மென்மையான உலோகம் என்பதால் துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. பிடி பக்கத்தில் பல வருடம் கை பட்டு வெளுத்த இடத்துக்குப் புதுப் பூச்சு அடிக்காதீர்கள். என்னைப் பொறுத்தவரை சேகரிப்பில் மதிப்பே அந்த வெளுப்புக்குத்தான்.

தோல் வாஷர்: என்னை மூன்று முறை கவிழ்த்த இடம்

பிஸ்டன் தலையில் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். சைக்கிள் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், அதே வேலைதான். விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொண்டால்தான் காற்று நிற்கும்.

டயானாவுக்கு முன் வந்த பிஸ்டலில், முதல் தடவை தேங்காய் எண்ணெயில் ஊற வைத்தேன். ஏப்ரலில் அருமையாக அடித்தது. டிசம்பர் காலையில் குண்டு அட்டையைக்கூடத் துளைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், பெங்களூரு குளிருக்கு உள்ளேயே கட்டியாகிவிட்டது. அடுத்து விளக்கெண்ணெய். சில மாதத்தில் பிசின் போல ஒட்டியது. இப்போது குதிரைச் சேணத்துக்கும் தோல் பொருட்களுக்கும் போடும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான். ஒரு இரவு ஊற வைத்து, துணியால் நன்றாகப் பிழிந்து துடைத்துவிட்டுப் போடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் மேலே சொன்ன வெடிப்புதான்.

மூன்றாவது தவறு எண்ணெயில் இல்லை. சிலிண்டரில், ஸ்பிரிங்கை ஏற்றும் நெம்புகோலுக்காக ஒரு நீளப் பிளவு வெட்டியிருப்பார்கள். அதன் ஓரம் பிளேடு மாதிரி. பிஸ்டனை நேராகத் தள்ளியதும் புது வாஷர் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு சீவிப் போய்விட்டது. கையில் எடுத்துப் பார்த்தபோது நகம் வெட்டிப் போட்டது போல இருந்தது. இப்போது பிளவின் ஓரத்தை நைஸ் எமரித் தாளால் மழுங்கடித்துத் துகளைத் துடைக்கிறேன். பிறகு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை உருட்டி உள்ளே வைத்து, அதன் வழியாகப் பிஸ்டனை இறக்கி, கடைசியில் ஃபிலிமை உருவிவிடுகிறேன். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

சேர்த்த பிறகு

ஸ்பிரிங்குக்கு மாலிப்டினம் கிரீஸ், லேசாக. ஈயக் குண்டு போட்டு, பின்னால் கெட்டியான தடுப்பு வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத திசையில் மட்டும் சோதியுங்கள்.

பின்சேர்க்கை: வாஷர் மாற்றியும் வேகம் வரவில்லை என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். பாரல் மூடும் மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்து அடியுங்கள். பேப்பர் பறந்தால் கசிவு அங்கே. அந்தச் சின்ன சீலையும் மாற்ற வேண்டும். இருவருக்குமே அதுதான் காரணம்.

இன்னொருவர் தோல் உறையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, ஸ்பிரிங்கை ஏற்றாமல், குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில் வையுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை நான் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறேன். துரு முதலில் வருவது எப்போதும் கட்டைவிரல் பட்ட இடத்தில்தான்.