முள்ளெலிக் கூண்டுக்குத் தெர்மோஸ்டாட்: வாங்கும்போதும் மாட்டும்போதும் செய்யும் தவறுகள்

வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலிக்குக் கூண்டுக்குள் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 20 டிகிரிக்குக் கீழே போனால் அதன் உடல் குளிர்கால உறக்கத்துக்குள் நழுவப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைத்து மாதக்கணக்கில் தூங்கி எழும். நம் செல்லத்துக்கு அந்தத் தயாரிப்பு கிடையாது. அப்படித் தூங்கப் போவது அப்படியே எழாமலும் போகலாம். 30ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து; நான்கு காலையும் பரப்பிக்கொண்டு மூச்சு வாங்கக் கிடக்கும். அதனால் கூண்டில் இருக்கும் பொருள்களில் நான் முதலில் கவனிக்கச் சொல்வது, வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத்தான்.

முதல் தவறு, தெர்மோஸ்டாட் அல்லாத ஒன்றை அது என்று நினைத்து வாங்குவது. திருகிக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைத்தான் கட்டுப்படுத்தும். வெப்பநிலை என்னவென்று அதற்குத் தெரியாது. மாலையில் சரியாக வைத்த குமிழ் விடியற்காலைக் குளிரில் போதாமல் போகும். டைமரும் அப்படித்தான். சென்சார் வயர் இருக்க வேண்டும், எத்தனை டிகிரி வேண்டும் என்று குறித்துவைக்க வசதி இருக்க வேண்டும்.

அடுத்தது, ஹீட்டரை யோசிக்காமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் தேர்ந்தெடுப்பது. முள்ளெலி இரவில் நடமாடும் உயிர். வெளிச்சம் வந்தால் சுருண்டு படுத்துவிடும், சிவப்பு பல்பும் வேண்டாம். பல்பு போல ஹோல்டரில் மாட்டும், ஆனால் வெளிச்சமே தராத செராமிக் (பீங்கான்) ஹீட்டர்தான் இதற்குப் பொருத்தம். அதற்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை தெர்மோஸ்டாட்டே போதும். மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகை இன்னும் சீராக வைத்திருக்கும். தரையில் விரிக்கும் ஹீட் மேட்டை மட்டும் நம்பாதீர்கள். அது அடியைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. முள்ளெலி தோண்டிப் படுக்கும் பழக்கமுள்ளது, வயிறு சுட்டுவிடும்.

தெர்மோஸ்டாட் எத்தனை வாட் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். இரண்டு ஹீட்டர் மாட்டினால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு விளிம்பில் நிற்காமல் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். ஹீட்டரை மாட்டும் ஹோல்டரும் பீங்கானாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் ஊர்வன வளர்ப்போருக்காகச் செய்யப்படுபவை. சிலவற்றில் இரவானால் வெப்பத்தைத் தானாகக் குறைக்கும் வசதி உண்டு. பாம்புக்கும் பல்லிக்கும் அது சரி. முள்ளெலிக்கு இரவும் பகலும் ஒரே வெப்பம் வேண்டும், அதை அணைத்துவிடுங்கள். சூடாக்க, குளிர்விக்க என்று இரண்டு முறையிலும் இயங்கும் பொதுவான கன்ட்ரோலர் என்றால், அது சூடாக்கும் முறையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மாறியிருந்தால் கூண்டு சூடேறிய பிறகுதான் ஹீட்டரே எரியத் தொடங்கும்!

எல்லாவற்றையும் சரியாக வாங்கிவிட்டு மாட்டும்போது கோட்டை விடுகிற இடம் சென்சார். தெர்மோஸ்டாட்டுக்குக் கூண்டு முழுவதும் தெரியாது. சென்சார் நுனி தொடும் அந்த ஓரிடம்தான் அதற்கு உலகம். நுனியை ஹீட்டருக்கு நேர் கீழே வைத்தால் அங்கே 26 ஆனதும் அணைந்துவிடும், மூலையில் முள்ளெலி 20இல் நடுங்கும். கூண்டுக்கு வெளியே நழுவி விழுந்தாலோ, துணி விரிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டாலோ நேர்மாறு: உள்ளே எவ்வளவு சூடேறினாலும் அதற்குத் தெரியாது, ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஹீட்டரிலிருந்து சற்றுத் தள்ளி, முள்ளெலியின் முதுகு உயரத்தில், அது ஒளிந்து தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். வயரை ஓரமாக இழுத்துக் கட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஓடும் பிராணி, சும்மா விட்ட வயரை இழுத்துவிடும். விரிப்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் நுனி இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆன்-ஆஃப் வகையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் நடுவே விடும் இடைவெளி. 1 டிகிரி என்றால் நல்லது. 3, 4 டிகிரி விட்டால் 25 என்று வைத்த கூண்டு 21 வரை இறங்கிப் போகும்.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்புவதும் தவறுதான். அந்த எண்ணைச் சொல்வதும் அதே சென்சார்தானே? அன்றைய குறைந்த, கூடிய வெப்பநிலையை நினைவில் வைக்கும் தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் கூண்டின் மறுமூலையில் வையுங்கள்.

அப்புறம், தெர்மோஸ்டாட் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள். உள்ளே சுவிட்ச் போல வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. அதனால் தேவைக்கு மிக அதிகமான வாட் ஹீட்டர் வேண்டாம். மின்சாரம் போய் வந்தால் நீங்கள் வைத்த அளவு மறந்துபோகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். மறந்துவிடும் என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். முள்ளெலியை உள்ளே விடுவதற்கு முன் ஒரு முழு நாள் வெறும் கூண்டில் ஓடவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் முள்ளெலியின் வயிறு சில்லென்று இருந்து, நடை தள்ளாடினால் தெர்மோஸ்டாட்டை உச்சத்துக்கு ஏற்றாதீர்கள், முள்ளெலியை வெந்நீரிலும் இறக்காதீர்கள். சட்டைக்குள் உங்கள் உடம்போடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அசைவு திரும்பியது போலத் தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.